கனடாவுக்கு டிக்கெட் எடுப்பவர்கள் கவனத்துக்கு: முகவர் சொல்லும் மணிக்கணக்கை நம்ப வேண்டாம்

யாழ்ப்பாண நகருக்குள் இருக்கும் ஒரு பயண முகவர் நிலையத்தில் அம்மாவுக்கு ரொறன்ரோ டிக்கெட் எடுத்தோம். அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, நீரிழிவும் இருக்கிறது. ஆகவே விலைக்கு முன்னால் நான் கேட்டது பயண நேரத்தைத்தான். அங்கிருந்த தம்பி கைபேசியைத் திறந்து காட்டினார்: கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ரொறன்ரோ ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர், மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பதினைந்தரை மணி நேரம். "டுபாயில் சின்னத் தரிப்புத்தான், அம்மா. காலை பத்துக்கு ஏறினால் மறுநாள் காலை ஒன்பதரைக்கு இறங்கிவிடலாம். ஒரு நாள்கூட இல்லை" என்றார்.

அந்த 14,000 பூமி உருண்டையில் நூல் பிடித்து அளந்த தூரம். அந்த நூல் ரஷ்யாவின் வடமேற்குப் பகுதி வழியாகப் போகிறது. அவ்வழியில் கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் எதுவும் இல்லை. டுபாய் வழியாகப் போனால் முதலில் சுமார் 3,300, பிறகு சுமார் 11,100 கிலோமீட்டர். தூரம் பெரிதாகக் கூடவில்லை. நேரத்தில்தான் கையை வைத்தார்கள்.

டிக்கெட்டில் அச்சாகும் நேரம் அந்தந்த ஊரின் நேரம். கோடையில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் நிற்கிறது, குளிர்காலத்தில் பத்தரை. ஆகவே கோடைக் கணக்கில் பார்த்தாலே அந்தப் பயணம் இருபத்து மூன்றரை மணி நேரம் அல்ல, 33 மணி நேரம்! பறப்பது சுமார் பதினெட்டரை மணி நேரம். மிச்சம் பதினாலரையும் டுபாய் விமான நிலைய நாற்காலியில். இதற்குப் பெயர் சின்னத் தரிப்பாம். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் கட்டுநாயக்கா போவதும், மூன்று மணி நேரம் முன்னதாகவே அங்கே நிற்பதும் இந்தக் கணக்கில் இல்லை.

இதைவிடப் பெரிய வேலை விமான நிலையத்தில் வெளியே வந்தது. எங்களுக்கு விற்றது ஒரு டிக்கெட் அல்ல, இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் தனித்தனி டிக்கெட்டுகள். ஒரே தாளில் அழகாக அச்சடித்துத் தந்திருந்தார்கள். பொதி டுபாய் வரைதான் போகும், அங்கே குடிவரவைக் கடந்து எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும், இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அதற்கு விசா வேண்டும் என்று சொல்லி அம்மாவை ஏற்ற மறுத்துவிட்டார்கள். கனடா விசா கையில் இருந்தும் பயனில்லை. ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் கட்டிய பெட்டியோடு அம்மா ஓரமாக நின்றார். முகவருக்கு அழைத்தால், "குறைந்த விலை கேட்டது நீங்கள்தானே, அக்கா" என்கிறார். விலையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

வேறு டிக்கெட் வாங்கித்தான் அனுப்பினோம். பழைய பணத்தில் ஒரு சதமும் திரும்பவில்லை.

காசு கட்டுவதற்கு முன் முன்பதிவு எண் ஒன்றா இரண்டா என்று பாருங்கள். பொதி ரொறன்ரோ வரை நேராகப் போகுமா, மொத்தப் பயணம் எத்தனை மணி நேரம் என்பதை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்லி மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். நான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து நீங்களும் பதியுங்கள்.