ஃபிளொப்புக்குப் பிறகு எவ்வளவு வைப்பது: இரண்டரை வருட அனுபவம்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை இரவுகளில் நோ லிமிட் ஹோல்டெம் ஆடுகிறோம், அதாவது வைக்கும் அளவுக்கு வரம்பில்லாத போக்கர். ஐந்தாறு பேர். காசு கிடையாது. ஆளுக்கு 500 புள்ளி. புளியங்கொட்டை ஒன்று, சோடா மூடி பத்து. கடைசியில் தோற்றவர் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்ற வேண்டும், அவ்வளவுதான்.

கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு. மேசையில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று விரியும், அது ஃபிளொப். பிறகு ஒவ்வொன்றாக இன்னும் இரண்டு, கடைசிச் சீட்டு ரிவர். ஃபிளொப்பில் பெட் வைத்தால் பொட்டில் (நடுவில் சேர்ந்த புள்ளியில்) மூன்றில் ஒன்று, அல்லது முக்கால். இந்த இரண்டு அளவோடு நிற்பது என்று முடிவெடுத்து இரண்டரை வருடம் ஆகிறது.

அதற்கு முன் நான் செய்தது என்ன? எங்கள் பக்கம் சீட்டு என்றாலே 304. கேள்வி, அதாவது ஏலம், 160இல் தொடங்கும். அதில் பெரிய சீட்டான ஜாக்கும் ஒன்பதும் சேர்ந்து வந்தால் துணிந்து ஏற்றிக் கேட்போம். எதிரே இருக்கும் கூட்டாளி அதிலிருந்தே நம் கையைப் பாதி விளங்கிக்கொள்வார். போக்கரிலும் அதையே செய்தேன். நல்ல கைக்குப் பெரிய பெட், சொத்தைக் கைக்குச் சின்ன பெட். ஒரு நாள் ஏஸ் ஜோடியோடு பொட் அளவுக்கே வைத்தேன். மச்சான் சீட்டைக் கவிழ்த்துவிட்டுச் சிரித்தார். "கேள்வியைப் பலமாக் கேட்டிட்டீர், நான் வரேல்லை." இந்த ஆட்டத்தில் கூட்டாளி கிடையாது என்பது அன்றுதான் உறைத்தது.

இப்போது முதலில் பார்ப்பது மேசையில் விரிந்த மூன்று சீட்டை. ராசா, ஏழு, இரண்டு, மூன்றும் வேறு வேறு இனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளொப்புக்கு முன் ஏற்றியவன் நான் என்றால், எதிரே ஒருவர்தான் என்றால், அனேகமாக எந்தக் கைக்கும் மூன்றில் ஒன்று வைக்கிறேன். பொட்டில் 90 இருந்தால் 30. வெறும் பிளஃப் (சொத்தைக் கையோடு மிரட்டல்) என்றாலும் நாலு தடவையில் ஒரு தடவை அவர் கவிழ்த்தாலே நட்டமில்லை.

ஒன்பது, எட்டு, ஏழு, அதில் இரண்டு ஆட்டின் என்றால் கதை வேறு. ஒருமுறை அதே பலகையில் என் கையில் இரண்டு ஒன்பது. ஆளை ஓடவிடக்கூடாது என்று 90க்கு 30 மட்டும் வைத்தேன். மற்றவரிடம் இரண்டு ஆட்டின். இன்னுமொன்று விழுந்தால் ஐந்தும் ஒரே இனம், என் மூன்று ஒன்பதை வெல்லும். அந்த விலைக்கு அவருக்கு 20 வீத வாய்ப்பு இருந்தால் போதும். அடுத்த சீட்டிலேயே ஆட்டின் விழ 47இல் 9, அதாவது 19 வீதம். விழுந்தால் என்னிடம் இன்னும் கறக்கலாம் என்பதையும் சேர்த்தால் அவருக்கு அது மலிவு விலை. விழுந்தது. அன்று தேத்தண்ணி நான்தான் ஊற்றினேன். முக்கால், அதாவது 68 வைத்திருந்தால் அவருக்கு 30 வீதம் தேவைப்பட்டிருக்கும். சரி, இந்த மாதிரிப் பலகையில் எல்லாக் கைக்கும் பெட் வைக்கத் தேவையும் இல்லை. பாதிக்கு மேல் இப்போது ஒன்றும் வைக்காமல் செக் பண்ணிவிட்டுப் பேசாமல் இருக்கிறேன்.

மிச்சப் புள்ளியைப் பார்க்கும் பழக்கம் பிந்தித்தான் வந்தது. பொட்டில் 100, கையில் 350 என்றால் மூன்று சுற்றும் பாதி பாதி வைத்தால் 50, 100, 200. ரிவரில் சரியாக முடியும். மூன்றிலொன்றாகவே போனால் மொத்தம் 180தான் போகும், கிட்டத்தட்டப் பாதி கையிலேயே கிடக்கும். நல்ல கையோடு அப்படி நின்றுபோன இரவுகள் எனக்கு நிறைய.

ஒரு தொல்லை: விளக்கு வெளிச்சத்தில் சோடா மூடி எண்ணி, மூன்றால் வகுத்துக்கொண்டிருந்தால் முகமே காட்டிக்கொடுக்கும். அதனால் ஃபிளொப் விரிய முதலே, ஆடினாலும் ஆடாவிட்டாலும், பொட்டை எண்ணி வைத்துக்கொள்கிறேன்.

ரிவரில் பொட்டைப் போல இரண்டு மடங்கு வைக்கத்தான் இன்னும் கை கூசுகிறது. அது பிளஃப் என்றால் மூன்றுக்கு இரண்டு தடவை பலிக்க வேண்டும். இதுவரை நாலு தடவை வைத்திருப்பேன். நாலும் நல்ல கை. மச்சானுக்கு அதுவும் தெரியும்.