நீச்சல் குளத் தளத்தில் மழைத் தண்ணீர் நிற்கிறதா? சேனல், ஜல்லி வடிகால், வாட்டம், பேவர்: எது எதற்கு

மழை விட்டு அரை நாள் ஆகியும் நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள தளத்தில் தண்ணீர் நிற்கிறது என்றால், எந்த வடிகால் வாங்கலாம் என்று தேடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. காய்ந்த நாளாகப் பார்த்து, ஹோஸைத் திறந்து தளம் முழுக்க நனைத்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனித்து, நிற்கும் இடங்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். தண்ணீர் குளத்துக்குள் போகிறதா, வீட்டுச் சுவரை நோக்கிப் போகிறதா, நடுவில் குட்டையாக நிற்கிறதா, இல்லை ஹோஸ் போட்டபோது எல்லாம் நன்றாக வடிந்து, மழையில் மட்டும் மேட்டிலிருக்கும் தோட்டத்திலிருந்து சேறும் தண்ணீருமாக இறங்கி வருகிறதா? இந்த நாலுக்கும் வேறு வேறு வைத்தியம். ஒன்றுக்கானதை இன்னொன்றுக்குச் செய்தால் காசும் போகும், தண்ணீரும் அப்படியே நிற்கும். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் தளத்தின் மேலேயே கொட்டுகிறதா என்றும் பாருங்கள். கொட்டினால் அதைத் திருப்பிவிடுவதுதான் முதல் வேலை, செலவும் அதற்குத்தான் குறைவு.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 60 சதுர மீட்டர் தளத்தில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 3,000 லிட்டர். கனமழையில் சில நிமிடங்கள் இதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் அடிப்பதும் உண்டு. யார் எந்த வழியைச் சொன்னாலும் இந்த எண்ணை எதிரே வைத்து, "இவ்வளவையும் எங்கே அனுப்பப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அந்த ஆளுக்கு வேலை கொடுக்காதீர்கள்.

சேனல் வடிகாலா, ஜல்லி வடிகாலா

அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான். தரையை நீளமாக வெட்டி, மேலே கிரேட்டிங், அதாவது இடுக்குகள் உள்ள மூடி, போட்ட காடியைப் பதிப்பது சேனல் வடிகால். பள்ளம் தோண்டி, துளையிட்ட குழாயைப் போட்டு, சுற்றிலும் ஜல்லியை நிரப்பி, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியால் போர்த்துவது ஜல்லி வடிகால், அதாவது பிரெஞ்சு டிரெயின். சேனல், தரைக்கு மேலே ஓடும் தண்ணீரைப் பிடிக்கும். ஜல்லி வடிகால், மண்ணுக்குள் ஊறி வரும் தண்ணீரைப் பிடிக்கும். கான்கிரீட் தளத்தின் மேலே தேங்கும் தண்ணீருக்கு ஜல்லி வடிகாலை விற்பது தவறான வேலை என்று அடித்துச் சொல்வேன். தளத்திலிருந்து வரும் தூசியும் மண்ணும் நேராக ஜல்லிக்குள் இறங்கி இடைவெளிகளை அடைத்துவிடும், அதைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் திரும்பவும் தோண்டத்தான் வேண்டும். சேனலில் மூடியைத் தூக்கி அள்ளிப்போட்டால் முடிந்தது.

ஆனால் தோட்டம் உயரத்திலும் தளம் பள்ளத்திலும் இருந்தால் நிலைமை தலைகீழ். அங்கே தோட்டத்துக்கும் தளத்துக்கும் நடுவில் ஒரு ஜல்லி வடிகால் போட்டுவிட்டால் தண்ணீர் தளத்துக்கு வருவதற்கு முன்பே இறங்கிவிடும். கல்மாவு கலக்காத, கழுவிய 20 மில்லிமீட்டர் ஜல்லிதான் வேண்டும், குழாயின் துளைகள் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது குளத்தைக் காலி செய்தால், அடியிலிருந்து வரும் அழுத்தத்தில் குளத்தின் தொட்டியே மேலே எழும்பிவிடும். அப்படித் தூக்கப்பட்ட குளத்தைப் பழையபடி உட்கார வைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். சுற்றியுள்ள மண்ணில் ஈரத்தைக் குறைக்கும் எந்த வடிகாலும் அந்த ஆபத்தையும் கொஞ்சம் குறைக்கிறது.

சேனலுக்கே வருவோம். தண்ணீர் ஒரே திசையில் ஓடி ஒரு ஓரத்தில் சேருகிறது என்றால் இதற்கு மிஞ்சியது இல்லை. வீட்டை நோக்கி ஓடினால் வாசற்படிக்கு முன்னால், குளத்தை நோக்கி ஓடினால் குளத்தின் விளிம்புக் கல்லுக்கு வெளியே. சேனலை இணைக்கும் குழாயில் கஞ்சத்தனம் வேண்டாம். மேலே சொன்ன 3,000 லிட்டரை 50 மில்லிமீட்டர் குழாய் ஒரு மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் வாட்டத்தில், அதாவது சரிவில், ஒருவழியாகச் சமாளித்துவிடும், ஆனால் மழை இன்னும் வலுத்தாலோ நாலு இலை சிக்கினாலோ அவ்வளவுதான். விட்டத்தை இரட்டிப்பாக்கி 100 மில்லிமீட்டர் போட்டால் ஓட்டம் ஆறு மடங்குக்கு மேல் கூடும், செலவு அந்த அளவுக்குக் கூடாது. கிரேட்டிங் விஷயத்தில், வெயிலில் கிடக்கும் மலிவான பிளாஸ்டிக் நொறுங்கும். உப்புநீர்க் குளமாக இருந்தால் சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் துருப் புள்ளி விழும், 316 ரகத்தைக் கேளுங்கள். வெறுங்காலோடு குழந்தைகள் ஓடும் இடம் என்பதால் இடுக்குகள் குறுகலாக இருக்கட்டும்.

ஆபத்து ஒன்று இருக்கிறது, அதைப் பலரும் சொல்வதில்லை. குளத்தைச் சுற்றியுள்ள கான்கிரீட்டுக்கு அடியில் குளத்தின் குழாய்களும் விளக்குக்கான மின்கம்பிக் குழாயும் போகும். போதாததற்கு, தளத்தின் கம்பிகளையும் குளத்தின் உலோகப் பாகங்களையும் ஒன்றாக இணைக்கும் செப்புக் கம்பி பல குளங்களில் உண்டு. ஈரக்காலோடு நிற்பவருக்கு ஷாக் அடிக்காமல் காப்பது அந்த இணைப்புதான். கான்கிரீட் கட்டரை வைப்பதற்கு முன் இவை எங்கே போகின்றன என்று கண்டுபிடிக்காமல் வெட்டவே கூடாது. வெட்டும்போது அந்தச் செப்புக் கம்பி அறுந்தால் எலக்ட்ரீஷியன் வந்து திரும்ப இணைத்துச் சோதிக்கும் வரை யாரும் குளத்தில் இறங்கக் கூடாது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் குட்டை நிற்கிறது என்றால் நீளச் சேனல் வேண்டாம். அங்கே சதுரமான சின்னப் பெட்டி வடிகால் ஒன்றைப் பதித்து, பெட்டியின் அடிமட்டம் வெளியேறும் குழாயைவிடத் தாழ்ந்திருக்கும்படி வைத்தால் மண் அடியில் தங்கும், குழாய் அடைக்காது.

வாட்டத்தையே திருத்துவது

தளத்துக்கு ஒரு மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் வாட்டம் வேண்டும், அதுவும் குளத்தைவிட்டு வெளிப்பக்கமாக. பல இடங்களில் கட்டும்போது இது சரியாகவே இருந்திருக்கும். குளத்தைச் சுற்றித் தோண்டிய பள்ளத்தைத் திரும்ப நிரப்பியவர்கள் மண்ணைச் சரியாக இடித்து இறுக்காததால், நாள்பட மண் உட்கார்ந்து, தளமும் குளத்தை நோக்கிச் சாய்ந்துவிடுகிறது. இப்படி உட்கார்ந்த கான்கிரீட் பலகைகளில் துளையிட்டு அடியில் சிமென்ட் கூழையோ பாலியூரித்தேன் நுரையையோ செலுத்தித் தூக்கும் முறை நன்றாக வேலை செய்யும். இரண்டில் எனக்கு நுரைதான் பிடிக்கும், துளை சின்னது, எடை குறைவு, ஏற்கெனவே தளர்ந்த மண்ணின் மேல் கூடுதல் பாரம் ஏறாது. விலை கூடுதல் என்பது உண்மை. ஆனால் மண் உட்கார்ந்ததற்குக் காரணம் குளத்தின் குழாய்க் கசிவாக இருந்தால் அதை அடைக்காமல் தூக்குவது வீண், மண் மறுபடியும் கரைந்து போகும். தளம் போட்டபோதே வாட்டம் தப்பு என்றால் தூக்கும் முறை அதிகம் கைகொடுக்காது.

மேலே ஒரு பூச்சுப் போட்டு வாட்டம் எடுக்கலாமே என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 மீட்டர் அகலத் தளத்தில் குறைந்தபட்ச வாட்டத்துக்கே ஒரு ஓரம் 4 சென்டிமீட்டர் உயர வேண்டும். அந்த உயரம் வாசற்படியை எட்டுகிறதா, குளத்தின் விளிம்புக் கல்லை மூடுகிறதா? அதற்கு இடமிருந்தாலும் மறு ஓரத்தில் பூச்சு ஒன்றுமில்லாத அளவுக்கு மெலிந்து போகும், அந்த மெல்லிய ஓரம்தான் முதலில் பெயரும். பழைய தரையை நன்றாகச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, ஓரத்தில் ஒரு காடி வெட்டிப் பூச்சை அதற்குள் முடித்தால் நிற்கும். சின்னக் குட்டைகளை நிரப்ப இது போதும். முழுத் தளத்தின் வாட்டத்தையும் மாற்றுவதற்கு இதை நம்ப மாட்டேன்.

உடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது? தளம் ஏற்கெனவே பல இடங்களில் வெடித்து, வாட்டமும் வீட்டுப் பக்கம் இருந்தால் அதுதான் நேர்மையான பதில். மற்றபடி ஒரு சேனல் வேலைக்காகத் தளத்தையே உடைக்கச் சொல்பவரிடம் இன்னொரு மதிப்பீடு வாங்குங்கள்.

எந்த வழியில் போனாலும், தளத்துக்கும் விளிம்புக் கல்லுக்கும் இடையே இருக்கும் சந்தில் சிமென்ட் போட்டு அடைக்க விடாதீர்கள். அது தளமும் குளமும் தனித்தனியே அசைவதற்காக விட்ட சந்து. அதில் நெகிழும் சீலன்ட்தான் இருக்க வேண்டும், அது கிழிந்திருந்தால் தண்ணீர் நேராக அடிமண்ணுக்குப் போகும்.

தண்ணீர் இறங்கும் பேவர்

இடைவெளி விட்டுப் பதிக்கும் பேவர் கற்களுக்கு அடியில் மாவு இல்லாத ஜல்லிப் படுகை இருந்தால் மழை அங்கேயே இறங்கிவிடும். காலுக்கு இதமானது, வழுக்காது. புதிதாகத் தளம் போடுவதென்றால் இதைக் கட்டாயம் யோசியுங்கள். பழைய கான்கிரீட்டின் மேலேயே பேவர் ஒட்டுவது மட்டும் வேண்டாம், தண்ணீர் இறங்க வழியே இல்லை. களிமண் நிலத்தில் படுகைக்கு அடியிலும் ஒரு வடிகுழாய் வேண்டும். இடைவெளிகளில் மண் சேரச் சேர உறிஞ்சுவது குறையும், அவ்வப்போது வாக்யூம் போட்டு எடுக்க வேண்டும்.

கடைசியில் தண்ணீர் போகும் இடம்

சரிவான இடமிருந்தால் துளையில்லாத குழாயில் கொண்டுபோய்த் திறந்த வெளியில் விடுவதுதான் எல்லாவற்றிலும் மேல். அக்கம்பக்கத்து நிலத்தில் போய் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், தெரு வடிகாலில் சேர்ப்பதென்றால் அனுமதி கேளுங்கள். உறிஞ்சுகுழி என்றால் முதலில் 30 சென்டிமீட்டர் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, அது இறங்கியதும் இரண்டாவது முறை நிரப்புங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அந்த மண்ணுக்கு உறிஞ்சுகுழி ஒத்துவராது. ஒரு கன மீட்டர் ஜல்லிக்குழியில் 300 முதல் 400 லிட்டர்தான் பிடிக்கும், மீதியெல்லாம் ஜல்லி. நம் தளத்தின் 3,000 லிட்டருக்கு முன்னால் அது என்ன செய்யும்? உள்ளே வெற்றிடமாக இருக்கும் பிளாஸ்டிக் கூடைகளைப் புதைத்தால் அதே இடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் கொள்ளும். வேறு வழியே இல்லாதபோது பம்ப் வைக்கலாம், ஆனால் பெருமழையில் கரண்ட் போகும் என்பதை மறக்க வேண்டாம்.

வேலை நடக்கும்போது ஒன்றில் பிடிவாதமாக இருங்கள். சேனலைப் பொருத்திக் குழாயை இணைத்த பிறகு, சுற்றிலும் கான்கிரீட் கொட்டுவதற்கு முன், வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கடைசி முனை வரை வருகிறதா என்று பாருங்கள். காடிக்குள் எங்காவது தேங்கினால் அப்போதே ஆப்பு வைத்து மட்டத்தைத் திருத்திவிடலாம். காசைக் கையில் கொடுப்பது அதற்கப்புறம் இருக்கட்டும்.