மனநல சிகிச்சை வரலாறு பற்றிய வீடியோ கோர்ஸ்: பார்க்கலாம், ஆனால் நேர் வரிசையில் வேண்டாம்

மனநல சிகிச்சை எப்படி மாறி வந்தது என்று சொல்லும் ஒரு ஆன்லைன் கோர்ஸைப் பார்த்து முடித்தேன். பேராசிரியர் தெளிவாகப் பேசுகிறார், பழைய படங்கள் அருமை, சப்டைட்டில்தான் அங்கங்கே சொதப்பல். என் குறை வேறு. பாடத்துக்கு ஒரு ஹீரோ வருகிறார், கொடுமையைப் பார்க்கிறார், மாற்றுகிறார், பாடம் முடிந்துவிடுகிறது. அந்த மாற்றம் ஒரு தலைமுறை கழித்து என்ன ஆனது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

முதல் பாடம் பினெல் என்ற பிரெஞ்சு மனநல டாக்டர். பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் அவர் முன்னிலையில் நோயாளிகளின் சங்கிலிகள் கழற்றப்படும் பிரபல ஓவியத்தோடு தொடங்குகிறது. அது 1876-இல், எல்லாம் நடந்து முக்கால் நூற்றாண்டு ஆன பிறகு வரைந்தது. அதற்கு முன்பே, 1797-இல், பிசெத்ர் மருத்துவமனையில் சங்கிலிகளை அகற்றியவர் புசென். டாக்டர்கூட இல்லை, அங்கேயே நோயாளியாக இருந்து குணமாகி மேற்பார்வையாளர் ஆனவர். ஊழியர்கள் நோயாளிகள் மேல் கை நீட்டக் கூடாது என்று கண்டிப்பாக இருந்தார், குணமானவர்களையே வேலைக்கும் வைத்துக்கொண்டார். சங்கிலியைக் கழற்றுவதைவிட இதுதான் கஷ்டமான வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. கோர்ஸில் அவருக்குக் கிடைத்தது ஒற்றை வரி!

இங்கிலாந்துப் பகுதி பரவாயில்லை. யார்க் காப்பகத்தில் 1790-இல் ஹன்னா மில்ஸ் என்ற பெண் இறந்துபோனதும், அதனால் குவேக்கர்கள் (அவர் சார்ந்த கிறிஸ்தவப் பிரிவினர்) வில்லியம் டியூக் தலைமையில் 1796-இல் 'ரிட்ரீட்' என்ற சிறிய இல்லத்தைத் திறந்ததும் நன்றாக வந்திருக்கின்றன. லண்டனின் பெத்லெம் மனநலக் காப்பகத்தில் ஆண்டுக்கணக்கில் இரும்புக் கம்பத்தோடு பிணைக்கப்பட்டிருந்த ஜேம்ஸ் நோரிஸின் படத்தைக் காட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறார், சரியான முடிவு.

அமெரிக்கப் பகுதியில்தான் எனக்குக் கோபமே வந்தது. டொரோதியா டிக்ஸ் 1841-இல் ஒரு சிறைக்குப் பாடம் நடத்தப் போகிறார், மனநோயாளிகளைக் குற்றவாளிகளோடு, குளிருக்கு நெருப்புகூட இல்லாமல் அடைத்து வைத்திருப்பதைப் பார்க்கிறார், அதன்பின் ஊர் ஊராக அலைந்து அரசு மருத்துவமனைகள் கட்ட வைக்கிறார். கருணையால் கட்டிய அதே மருத்துவமனைகள் பிதுங்கி, 1955-இல் ஏறத்தாழ 5,59,000 பேர் உள்ளே இருந்தார்கள். அப்புறம் மனநோய்க்கான குளோர்ப்ரோமசின் மாத்திரை, சமூக மனநல மையங்கள் கட்ட 1963-இல் ஜனாதிபதி கென்னடி கையெழுத்திட்ட சட்டம், ஆட்களை வெளியே அனுப்புதல். ஆனால் அவர்களுக்காகத் திட்டமிட்ட அந்த மையங்களில் பாதி அளவுக்குத்தான் கட்டினார்கள், பலர் தெருவுக்கும் சிறைக்கும் போனார்கள். டிக்ஸின் கதை தொடங்கிய அதே சிறை! இவ்வளவும் கோர்ஸுக்குள்ளேயே இருக்கிறது, தனித்தனிப் பாடங்களாக. இரண்டையும் சேர்த்து ஒரு வாக்கியம் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

லோபாடமி பாடத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். மனநோய்க்கு மூளையை வெட்டும் இந்த அறுவை சிகிச்சையைக் கொண்டுவந்த போர்ச்சுகல் டாக்டர் மோனிஸுக்கு 1949-இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அதைக் கேலி செய்து கடந்து போகாமல், நிரம்பி வழிந்த வார்டும் கையில் மருந்தே இல்லாத நிலையும் டாக்டர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்று பொறுமையாக விளக்குகிறார்.

மிகச் சிறந்தது இத்தாலி. மனநல டாக்டர் பசாலியா, அவர் வேலை செய்த திரியெஸ்தே நகரம், 1973-இல் நோயாளிகளும் கலைஞர்களும் சேர்ந்து செய்த பெரிய நீலக் குதிரைச் சிலை (வாசலில் நுழையாததால் வாசலை உடைத்து வெளியே கொண்டு வந்தார்களாம்), மனநல மருத்துவமனைகளை மூடச் சொல்லி 1978-இல் வந்த 180-ஆம் எண் சட்டம். இங்கே மட்டும் அவர் கதவு திறந்ததோடு நிறுத்தவில்லை. பணமும் ஊழியர்களும் மருத்துவமனையிலிருந்து நகரத்து மையங்களுக்கு எப்படி மாறினார்கள், அந்த மையங்களில் இரவில் யார் இருந்தார்கள் என்பது வரை போகிறார். மற்ற பாடங்களையும் இப்படி எடுத்திருக்கலாமே ஐயா?

வாங்குகிறவர்கள் இத்தாலிப் பாடத்தை முதலில் பாருங்கள், அப்புறம் டிக்ஸையும் 1963 சட்டத்தையும் அடுத்தடுத்து. வினாடி வினாக்கள் வெறும் ஆண்டு மனப்பாடம்தான், தாராளமாகத் தாண்டிப் போகலாம்.