நெல்லையில் அயனிமண்டல வரைபடம்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

அயனிமண்டலம் என்பது வானத்தில் மின்னூட்டத் துகள்கள் நிறைந்த அடுக்கு. ஜிபிஎஸ் சிக்னல் அதைக் கடக்கும்போது தாமதமாகி, தூரக் கணக்கில் பிழை வரும். அதைத் திருத்த, சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தின் 'கோட்' மையம் தினமும் வெளியிடும் அயனிமண்டல வரைபடங்களை 2019 முதல் பயன்படுத்தி வருகிறேன். திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் டிஜிபிஎஸ் (இரண்டு ரிசீவர்களை ஒப்பிட்டுத் துல்லியமாக இடம் அளக்கும்) சர்வே வேலை. எல்1 என்ற ஒரு அலைவரிசையை மட்டும் பிடிக்கும் பழைய ரிசீவர்களின் தரவை ஆர்டிகேலிப் மென்பொருளில் கணக்கிடும்போது, இந்த வரைபடம் அடங்கிய அயனெக்ஸ் கோப்பையும் சேர்த்துக் கொடுத்துவிடுவேன்.

பேஸும் (ஓரிடத்தில் நிற்கும் ரிசீவர்) ரோவரும் (நகர்த்தி அளக்கும் ரிசீவர்) நாலைந்து கிலோமீட்டருக்குள் இருந்தால் இதெல்லாம் தேவையில்லை. இரண்டுக்கும் ஒரே பிழை, கழித்தால் போய்விடும். தூரம் கூடும்போதும், ரிசீவர் தனியாக நிற்கும்போதும்தான் வரைபடத்தின் அருமை தெரியும். டெக் என்பது சிக்னல் வரும் வழியில் உள்ள மொத்த எலக்ட்ரான் அளவு. ஒரு டெக் யூனிட், எல்1 தூரத்தை 16 செ.மீ. நீட்டும். பிற்பகலில் 60 யூனிட் இருந்தால் கிட்டத்தட்ட 10 மீட்டர்! ஜிபிஎஸ் செயற்கைக்கோளே அனுப்பும் குளோபுச்சர் என்ற கணித மாதிரி, வெறும் 8 எண்களை வைத்துக்கொண்டு இதில் பாதியைத்தான் திருத்தும். சூரியன் அடங்கிக் கிடந்த 2019, 2020-ல் அதுவே போதுமாக இருந்தது. 2023-க்குப் பிறகு தாங்கவில்லை.

வரைபடமும் முழுத் தீர்வு இல்லை. அதன் கட்டம் அட்சரேகையில் 2.5 பாகை, அதாவது சுமார் 275 கி.மீ. அயனிமண்டலம் முழுவதையும் 450 கி.மீ. உயரத்தில் ஒரே மெல்லிய ஓடாக வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். ஐரோப்பாவுக்கு இது சரி. நம் ஊரோ காந்த நடுக்கோட்டின் மடியில் இருக்கிறது. பகலில் இங்கே மேலே தூக்கப்படும் பிளாஸ்மா (மின்னூட்டத் துகள் கூட்டம்), காந்தப்புலக் கோடுகள் வழியே சரிந்து வடக்கே அகமதாபாத், போபால் பக்கம் குவிகிறது. அதனால் வடக்கே போகப் போக டெக் சரசரவென்று ஏறும். தெற்கு வடக்காக நீளும் பேஸ்லைன் (பேஸுக்கும் ரோவருக்கும் இடையிலான கோடு) அதிகம் அடிவாங்குவது இதனால்தான்.

பெரிய குறை சூரியன் மறைந்த பிறகுதான். இரவு ஏழரை மணிவாக்கில் பிளாஸ்மா குமிழிகள் (எலக்ட்ரான் அடர்த்தி குறைந்த திட்டுகள்) கிளம்பும். சிக்னல் நடுங்கி, சைக்கிள் ஸ்லிப் (ரிசீவரின் அலை எண்ணிக்கை விட்டுப்போவது) வரிசையாக விழுந்து, துல்லியமான 'ஃபிக்ஸ்' விடை துல்லியம் குறைந்த 'ஃப்ளோட்' ஆகிவிடும். இரட்டை அலைவரிசை ரிசீவரும் இதற்குத் தப்பாது. மணிக்கொரு படத்தில் குமிழி தெரியவே தெரியாது. கோட் மையம் ஒருநாள், இருநாள் முன்கணிப்பும் தருகிறது. பகல் வேலையைத் திட்டமிட அது நன்றாகவே உதவுகிறது. ராத்திரிக்கு நான் நம்புவதில்லை.

ராத்திரிக்கு என் வழி வேறு. நிரந்தரமாக ஓடும் இரட்டை அலைவரிசை பேஸின் தரவில், டெக் மாறும் வேகம் எவ்வளவு தாவுகிறது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கிட்டு வைப்பேன். ரோட்டி என்று சொல்லும் அளவு அதுதான் (சாப்பிடுவது இல்லை). முந்தைய நாலைந்து இரவுகள் குதித்திருந்தால் இன்றும் குதிக்க வாய்ப்பு அதிகம். மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மாலை வேலையே வைப்பதில்லை. ஜூன், ஜூலையில் தொல்லை குறைவு.

இந்தியாவின் செயற்கைக்கோள் வழி ஜிபிஎஸ் திருத்தச் சேவையான ககன் தரவையும் போட்டுப் பார்த்தேன். அதன் கட்டம் 5 பாகை. விமானங்களின் பாதுகாப்புக்காகச் செய்தது, சர்வேக்கு அதனிடம் அதிகம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வரைபடங்கள் இலவசம். நாசாவின் சிடிடிஐஎஸ் தளத்தில் எடுக்க எர்த்டேட்டா கணக்கு வேண்டும். பெர்ன் தளத்தில் அதுவும் வேண்டாம். அன்றைய கணக்குக்கு விரைவுப் பதிப்பையே எடுங்கள். இறுதிப் பதிப்புக்காகக் காத்திருந்து பார்த்ததில், என் வேலைக்குச் சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை.