ஒரே ஐஎஸ்ஓ, பல பலகைகள்: யூ-பூட்டா, இடிகே2-வா, தயாரிப்பாளரின் வழியா?

மேசைக் கணினியில் லினக்ஸ் நிறுவும்போது, இது எந்த மதர்போர்டுக்கான டெபியன் என்று யாரும் கேட்பதில்லை. ஐஎஸ்ஓ கோப்பை இறக்கிப் பென்டிரைவில் எழுதிச் செருகினால் வேலை முடிந்தது. ராஸ்பெர்ரி பை, ராக் 5பி, ஆரஞ்சு பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினிகளிலோ, பலகைக்கு ஓர் இமேஜ் தேட வேண்டியிருக்கிறது. மேசைக் கணினியில் இருப்பது போன்ற யூஇஎஃப்ஐ நிலைபொருள் (மின்சாரம் வந்ததும் விழித்து, இயங்குதளத்தைத் துவக்கும் நிரல்) ஒன்று இந்தப் பலகைகளிலும் இருந்துவிட்டால் அந்தத் தொல்லை ஒழியும். அதற்கு இன்று இடிகே2, யூ-பூட் என இரண்டு பாதைகள் உண்டு. யூஇஎஃப்ஐ வேண்டாம் என்று தயாரிப்பாளர் தரும் வழியிலேயே போவது மூன்றாவது பாதை. மூன்றையும் பல மாதங்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் தயாரிப்பாளரின் வழி. ராஸ்பெர்ரி பை 4-இல் மின்சாரம் பாய்ந்ததும் விழிப்பது ஆர்ம் செயலி அல்ல, வீடியோகோர் என்ற வரைகலைப் பகுதி. பலகையிலுள்ள ஈப்ராமில் இருந்து துவக்க நிரலை எடுத்து, எஸ்டி அட்டையின் ஃபேட் பகிர்வில் இருக்கும் ஸ்டார்ட்4 கோப்பை ஏற்றி, கான்ஃபிக் கோப்பைப் படித்து, கர்னலையும், பலகையின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயையும் நினைவகத்தில் வைத்த பிறகே ஆர்ம் செயலியை எழுப்புகிறது. இடையில் கர்னலைத் தேர்ந்தெடுக்க உதவும் கிரப் துவக்கி இல்லை, பட்டியல் இல்லை. புதிய கர்னல் துவங்காவிட்டால் பழையதைத் தேர்ந்தெடுக்கத் திரையில் எதுவும் வராது. அட்டையைக் கழற்றி வேறு கணினியில் செருகித் திருத்த வேண்டும். புதியதை ஒருமுறை சோதித்து, தோற்றால் பழையதற்குத் திரும்பும் ட்ரைபூட் என்றொரு வசதி இருக்கிறது. ஆனால் அதை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்தவர்களுக்குத்தான் அது கைகொடுக்கும். இவ்வளவும் சொன்ன பிறகும், கேமரா, ஜிபிஐஓ முனைகள், மேலே பொருத்தும் ஹாட் பலகைகள் இவற்றை நம்பி வேலை செய்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி எழுதினால் கருவி வேலை செய்கிறது. ராக் 5பி போல ராக்சிப் நிறுவனத்தின் ஆர்கே3588 சிப் வைத்த பலகைகளின் கதை வேறு: அங்கே தயாரிப்பாளர் தருவது ராக்சிப்பின் 5.10 அல்லது 6.1 கர்னலில் கட்டிய இமேஜ். அதிலேயே திருப்தி என்றால் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை.

அடுத்து இடிகே2. டியானோகோர் திட்டத்தின் இந்த நிரல்தான் பல மேசைக் கணினிகளின் யூஇஎஃப்ஐக்கும் அடிப்படை. பை 4-க்கு இதைத் தன்னார்வலர் குழு ஒன்று பெயர்த்துத் தந்திருக்கிறது. ஆர்பிஐ_ஈஎஃப்ஐ என்ற ஒரே கோப்பையும் அதன் துணைக் கோப்புகளையும் ஃபேட் பகிர்வில் போட்டால், வீடியோகோர் அதையே கர்னல் போல ஏற்றிவிடுகிறது. திரையில் சின்னம் வரும்; எஸ்கேப் விசையை அழுத்தினால் நீலத் திரையில் அமைப்புப் பட்டியல் விரியும். முதன்முறை அதைப் பார்த்தபோது, கையடக்கப் பலகை ஒன்று கோட்டும் சூட்டும் மாட்டிக்கொண்டு வந்து நிற்பது போல இருந்தது. டெபியனின் சாதாரண ஆர்ம்64 நிறுவல் ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதிச் செருகினேன். எந்த ஒட்டு வேலையும் இல்லாமல் துவங்கியது.

மகிழ்ச்சி அரை மணி நேரம் நீடித்தது. 8 ஜிபி பலகையில் லினக்ஸ் 3 ஜிபி நினைவகத்தை மட்டுமே காட்டியது. பலகை பழுதில்லை, யூஎஸ்பி கட்டுப்படுத்தியின் டிஎம்ஏ (நினைவகத்தை நேரடியாக எட்டும் வசதி) முதல் 3 ஜிபிக்குள் மட்டுமே எட்டும் என்பதை அறியாத இயங்குதளங்களுக்காக, இந்த நிலைபொருள் இயல்பாகவே நினைவகத்தை அந்த எல்லையில் நிறுத்துகிறது. அமைப்புப் பட்டியலில் ராஸ்பெர்ரி பைக்கான பகுதிக்குள் போய் அந்த வரம்பை நீக்க வேண்டும். பக்கத்திலேயே அதைவிட முக்கியமான இன்னொரு தேர்வு இருக்கிறது: வன்பொருள் விவரத்தைக் கர்னலுக்கு ஏசிபிஐ அட்டவணையாகத் தருவதா, டிவைஸ் ட்ரீயாகத் தருவதா? ஏசிபிஐயில் விட்டால் எந்த ஐஎஸ்ஓவும் துவங்கும். ஆனால் வரைகலை முடுக்கமும் கேமராவும் போய்விடும், ஏனென்றால் அவற்றுக்கான லினக்ஸ் இயக்கிகள் டிவைஸ் ட்ரீயைத்தான் எதிர்பார்க்கின்றன. சர்வராக மூலையில் கிடக்கும் பலகைக்கு ஏசிபிஐ போதும். திரையை இணைத்துப் பயன்படுத்துபவர் டிவைஸ் ட்ரீக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பை 5-க்கு இந்தப் பாதையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் ஈதர்நெட்டும் யூஎஸ்பியும் ஆர்பி1 என்ற தனிச் சிப்பின் பொறுப்பில் இருக்கின்றன. இடிகே2 ஆதரவு பை 4 அளவுக்கு அங்கே முதிரவில்லை.

இடிகே2 உண்மையில் சோபிப்பது ஆர்கே3588 பலகைகளில். ராக் 5பி போன்றவற்றில் 16 எம்பி எஸ்பிஐ ஃபிளாஷ் சிப் ஒன்று பலகையிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. (எஸ்பிஐ என்றதும் நமக்கு வங்கிதான் நினைவுக்கு வரும், இது பணம் தராது, பணத்தால் தீராத தலைவலியைத் தீர்க்கும்.) நிலைபொருளை அதில் எழுதிவிட்டால் எஸ்டி அட்டை, என்விஎம்இ, இஎம்எம்சி எல்லாமே இயங்குதளத்துக்கு விடப்பட்ட வெற்று நிலம். எதை அழித்தாலும், எதை மாற்றினாலும் பலகை மறுபடி விழிக்கும். அதோடு, தயாரிப்பாளர் கர்னலுக்கான டிவைஸ் ட்ரீயா, லினக்ஸின் பொதுவான மூலக் கர்னலுக்கானதா என்று அமைப்புத் திரையிலேயே தேர்ந்தெடுக்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே நான் அதை வைத்திருக்கிறேன்.

நிலைபொருள் எங்கே குடியிருக்கிறது என்பதை நான் பட்டுத்தான் கற்றேன். வேறொரு ராக்சிப் பலகையில் யூ-பூட் எஸ்டி அட்டையில் இருந்தது. நிறுவல் நிரல், முழு அட்டையையும் பயன்படுத்தவா என்று கேட்டது, சரி என்றேன். ராக்சிப் சிப் முதல் நிலை நிரலை அட்டையின் 64-ஆவது செக்டாரில் தேடுகிறது. வழக்கமான அமைப்பில் யூ-பூட் இருப்பது 16384-ஆவது செக்டாரில், அதாவது 8 எம்பி தாண்டி. புதிய முதல் பகிர்வு 2048-இல் தொடங்கி யூ-பூட்டின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அடுத்த துவக்கத்தில், கேபிள் வழியாக வேறு கணினியில் தெரியும் சீரியல் முனையத்தில் சில வரிகள், பிறகு மௌனம். வீட்டுச் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கதை. ஆல்வின்னர் சிப்கள் இன்னும் சங்கடம்: அவை 8 கேபி இடத்தில் தேடுகின்றன, ஜிபிடி பகிர்வு அட்டவணையும் அதே இடத்தில்தான் படுத்திருக்கிறது. பிற்காலச் சிப்கள் 128 கேபியிலும் பார்ப்பதால் தப்பிக்கலாம்.

குற்றம் யூ-பூட்டுடையது அல்ல, என்னுடையது. பலகைகளின் எண்ணிக்கையில் யூ-பூட்டுடன் போட்டியிட யாரும் இல்லை. ஆர்ம், ரிஸ்க்-வி என்று எதை எடுத்தாலும் அது அங்கே இருக்கும். 2016-இல் லினக்ஸ் நிறுவனமான சூசேயின் அலெக்சாண்டர் கிராஃப் அதற்குள் யூஇஎஃப்ஐ இடைமுகத்தைச் சேர்த்தார். அதன் பிறகு கிரப்பைப் பொறுத்தவரை யூ-பூட்டும் ஒரு யூஇஎஃப்ஐதான்: ஈஎஃப்ஐ பகிர்வில் பூட்ஏஏ64 என்ற துவக்கக் கோப்பு இருந்தால் எடுத்து ஓட்டும். ஓபன்சூசேயும் ஃபெடோராவும் தங்கள் ஆர்ம் இமேஜ்களை இப்படித்தான் துவக்குகின்றன. அமைப்புத் திரையின் பகட்டு இல்லை. பல பலகைகளில் ஹெச்டிஎம்ஐ திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. ஆனால் ஏசிபிஐ குழப்பமே இல்லாமல் டிவைஸ் ட்ரீயைக் கர்னலிடம் கொடுத்துவிடுகிறது. மூலக் கர்னலோடு ஒட்டி வாழ நினைப்பவருக்கு அது போதும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு நோய் உண்டு. லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது ஈஎஃப்ஐ-பூட்எம்ஜிஆர் கட்டளையால் துவக்க வரிசையை மாற்றினால், பை 4-இல் அந்த மாற்றம் மறுதுவக்கத்துக்குப் பின் நிற்பதில்லை. துவக்க வரிசை போன்ற அமைப்புகளைச் சேமிக்கும் மாறிகள் எஸ்டி அட்டையிலுள்ள நிலைபொருள் கோப்புக்குள்ளேயே இருக்கின்றன. கர்னல் பொறுப்பேற்றதும் அட்டை கர்னலின் கைக்குப் போய்விடுகிறது, நிலைபொருளால் எழுத முடியாது. யூ-பூட்டும் மாறிகளைப் பகிர்வில் ஒரு கோப்பாகவே வைப்பதால் அங்கேயும் பெரும்பாலும் இதே நிலை. மருந்து எளிது: டெபியன் நிறுவல், கிரப்பை நீக்கக்கூடிய ஊடகப் பாதையிலும் வைக்கவா என்று கேட்கும்போது ஆம் என்று சொல்லுங்கள். பூட்ஏஏ64 தன் இடத்தில் இருந்தால் மாறி எதுவும் தேவைப்படாது.

ஆக என் வீட்டில் நிலைமை இது. கேமரா மாட்டிய பை 4, ராஸ்பெர்ரி பை வழியிலேயே. என்விஎம்இ போட்ட ராக் 5பி-யில் இடிகே2, எஸ்பிஐ சிப்பில். மீதி எல்லாம் யூ-பூட். இன்டெல் என்100 வைத்த ராடாக்சா எக்ஸ்4 போன்ற பலகையை வாங்கினால் யூஇஎஃப்ஐ பிறவியிலேயே உண்டு, இந்த ஆராய்ச்சியே வேண்டாம்.

எதைத் தேர்ந்தாலும் சீரியல் கேபிள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் மலிவானதைப் பார்த்ததும் எடுத்துவிடாதீர்கள். பையின் சீரியல் வேகம் வழக்கமான 1,15,200 பாட். ராக்சிப் பலகைகள் 15,00,000 பாட் வேகத்தில் பேசுகின்றன. பழைய சிபி2102 சிப் கொண்ட கேபிள் 10 லட்சத்தைத் தாண்டாது. என் பலகை செத்துவிட்டதென்று ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை நான் துக்கம் அனுசரித்தது அந்தக் கேபிளால்தான்.