ஜிம்னியில் டூல்ஸ்: எதை எடுப்பது, எங்கே கட்டுவது

எஸ்டேட் ரோடு, ஆற்று மணல், மலைப்பாதை என்று ஓட்டத் தொடங்குபவர்கள் முதலில் வாங்குவது நூற்றுச்சொச்சம் உருப்படி கொண்ட பிளாஸ்டிக் பெட்டி. மாருதி சுசுகியின் நான்கு சக்கர டிரைவ் வண்டியான ஜிம்னிக்கு அது தேவையே இல்லை. சுசுகி போடுவது ஜப்பானிய அளவு: 6 எம்எம் போல்ட்டுக்குத் தலை 10, 8 எம்எம்முக்கு 12, 10 எம்எம்முக்கு 14, 12 எம்எம்முக்கு 17. வீல் நட்டு 19. இந்த ஐந்து அளவில் ரிங் ஸ்பேனரும் பாக்ஸும் (நட்டின் மேல் கவிழ்த்து மாட்டும் சாக்கெட்) இருந்தால் வழியில் கழற்ற வேண்டிவரும் பெரும்பாலானவற்றுக்குப் போதும்.

இதோடு 13 ஒன்றையும் சேர்க்க வேண்டும். வெளியில் செய்து மாட்டிய பம்பர், ரூஃப் ரேக், ஸ்கிட் பிளேட் (வண்டியின் அடிப்பக்கத்தைக் காக்கும் தகடு) எல்லாம் ஹார்டுவேர் கடை போல்ட்டில்தான் நிற்கும். அதில் 8 எம்எம்முக்குத் தலை 13. கற்பாதையில் முதலில் லூஸ் ஆவது கம்பெனி போல்ட்டு அல்ல, இந்தப் பின்னால் போட்ட போல்ட்டுதான். அதனால் ஆக்சஸரி மாட்டும் நாளிலேயே அதன் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனரைப் பையில் போட்டுவிடுங்கள்.

பாக்ஸ் வாங்கும்போது ஆறு மூலை உள்ளதையே கேளுங்கள். பன்னிரண்டு மூலை பாக்ஸ் நட்டின் முனையை மட்டும் பிடிப்பதால், துருப்பிடித்த நட்டில் வழுக்கி முனையை உருட்டிவிடும். உருண்ட நட்டைக் காட்டில் வைத்துக் கழற்ற நல்ல வழி கிடையாது. ஸ்பேனருக்கு டபாரியா போன்ற சாதாரணப் பட்டறைத் தரம் போதும். வெளிநாட்டு செட்டுக்குக் கொடுக்கும் பணத்தை ஜாக்கியிலும் கம்ப்ரசரிலும் போடலாம்.

வீல் நட்டுக்குச் சொல்லப்பட்ட முறுக்கம் 100 நியூட்டன் மீட்டர். டயர் கடை ஏர் கன் பல நேரம் அதைத் தாண்டி இறுக்கிவிடுகிறது. 25 செ.மீ. நீள ஸ்பேனரில் 100-ஐத் திருப்பவே 40 கிலோ எடை கொடுக்க வேண்டும். அரை இஞ்ச் டிரைவில் (பாக்ஸ் மாட்டும் சதுர முனையின் அளவு) 50 செ.மீ. கம்பி இருந்தால் 20 கிலோ போதும். அந்தக் கம்பியும் 19 டீப் பாக்ஸும் எப்போதும் சேர்ந்தே இருக்கட்டும். கழற்ற மட்டும் அது. மாட்டும்போது அதே நீளத்தில் முழு பலத்தையும் போட்டால் ஸ்டட் (வீல் நட்டு ஏறும் மரைக் கம்பி) நீண்டுவிடும்.

ஜாக்கி விஷயத்தில் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், காயில் ஸ்பிரிங். சேஸிஸில் ஜாக்கி வைத்தால் ஸ்பிரிங் நீண்டு ஆக்ஸில் தொங்கிக்கொண்டே வரும். வண்டி எவ்வளவோ உயர்ந்தும் டயர் தரையிலேயே இருக்கும், வண்டியும் ஆடும். ஆக்ஸில் குழாய்க்கு அடியில் வைத்தால் சில செ.மீ. தூக்கலிலேயே டயர் எழுந்துவிடும். இதற்கு 2 டன் பாட்டில் ஜாக்கி நல்ல தேர்வு. ஆனால் வாங்கும் முன் ஒரு டயரின் காற்றை முழுவதும் இறக்கி, ஆக்ஸிலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். ஜாக்கியின் மூடிய உயரம் அதைவிடக் குறைவாக இல்லாவிட்டால் அது வெறும் பாரம். அடியில் வைக்க 18 எம்எம் பிளைவுட், ஓர் அடிக்கு ஓர் அடி. அது இல்லாமல் ஈர மண்ணில் எந்த ஜாக்கியும் வண்டியைத் தூக்காது, தானே மண்ணுக்குள் இறங்கும். எதிர்ச் சக்கரத்துக்கு இரண்டு கட்டைகள் கட்டாயம். பாட்டில் ஜாக்கியை நிமிர்த்தியே, வால்வை மூடி வைக்க வேண்டும். படுக்கப்போட்டால் நாளடைவில் ஆயில் கசிந்து, தேவைப்படும் நாளில் பாதி உயரத்தில் நின்றுவிடும்.

டியூப்லெஸ் பஞ்சர் கிட்டில் ஊசிக்கு இரும்பு டி-கைப்பிடி இருக்கட்டும். பிளாஸ்டிக் பிடி கனத்த டயரில் முறியும். நீண்ட நாளில் கெடுவது ஓட்டையில் திணிக்கும் ரப்பர் ஸ்ட்ரிப்பும் ஒட்டும் சொல்யூஷனும்தான். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் ஸ்ட்ரிப் காய்ந்து விறைக்கும், ஒருமுறை திறந்த டியூபில் சொல்யூஷன் ஆவியாகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை இரண்டையும் மாற்றுங்கள். பக்கச்சுவர்க் கிழிசலுக்கு நாலைந்து ஸ்ட்ரிப் திணித்து மெதுவாக ரோடு வரை வரலாம், அதற்கு மேல் அந்த டயரை நம்பக் கூடாது.

கம்ப்ரசர் பற்றி ஒன்றே ஒன்று. டேஷ்போர்டு சாக்கெட்டில் பெரும்பாலும் 120 வாட் என்று எழுதியிருக்கும், அதாவது 10 ஆம்பியர். வேகமாகக் காற்றடிக்கும் கம்ப்ரசர்கள் அதற்கு மேல் இழுத்து ஃபியூசை எரித்துவிடும். பேட்டரியில் நேரடியாகக் கிளிப் போடும் வகையை வாங்கி, இன்ஜினை ஓடவிட்டு அடிக்கவும்.

இனிக் கட்டும் வேலை. இதைத்தான் அதிகம் பேர் அலட்சியம் செய்கிறார்கள். 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி 60 செ.மீ.க்குள் நின்றால், உள்ளே இருக்கும் பொருளின் மேல் அதன் எடையைப் போல் சுமார் 16 மடங்கு விசை வரும். 12 கிலோ பை கிட்டத்தட்ட 200 கிலோவாக முன்சீட்டை நோக்கி வரும். கொக்கி மாட்டிய ரப்பர் கயிறு இதற்கு ஆகவே ஆகாது. அது நீளும், வெயிலில் வெடிக்கும், கொக்கி கண்ணில் அடிக்கும்.

ஐந்து கதவு ஜிம்னியில் பின்சீட்டு நிமிர்ந்திருந்தால் இடம் 208 லிட்டர்தான். கனமானதெல்லாம் தரையோடு, சீட்டு முதுகை ஒட்டி இருக்க வேண்டும். தரையில் டி-ரிங் (பட்டை மாட்டும் இரும்பு வளையம்) போடுவதாக இருந்தால் 8.8 தர (வலுவான எஃகு) 8 எம்எம் போல்ட்டு, அடிப்பக்கம் அகலமான இரும்புத் தகடு. துளையிடும் முன் வண்டிக்கு அடியில் படுத்து பெட்ரோல் டேங்க், பிரேக் பைப், வயரிங் எங்கே போகிறது என்று பாருங்கள். துளை விளிம்பில் பெயின்ட்டும் சீலன்ட்டும் வைக்காவிட்டால் ஒரு மழைக்காலத்திலேயே துரு கிளம்பும். சீட் பெல்ட் போல்ட்டைக் கழற்றி அதில் பிராக்கெட் மாட்டுவது வேண்டவே வேண்டாம்.

பொருளைக் கட்டும் பட்டை பாலியஸ்டராக இருக்கட்டும். நைலான் நனைந்தால் தொய்யும். ஜாக்கி போன்ற இரும்புக்கு ரேட்செட் பட்டை (பல்சக்கரப் பிடியை ஆட்டி இறுக்குவது) சரி. பைகளுக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்கும் அது அதிகம், கையால் இழுத்து இறுக்கும் பக்கிள் போதும். ஒரு மணி நேரம் கற்பாதையில் ஓடியதும் உள்ளிருப்பது படிந்து பட்டை தளர்ந்திருக்கும். நிறுத்தி மீண்டும் இறுக்க வேண்டும்.

ஸ்பேனர்கள் கான்வாஸ் சுருளில் தனித்தனி அறையில் இருப்பதே நல்லது. பெட்டியில் போட்டவை ஒன்றோடொன்று உரசி முலாம் போய், அங்கிருந்துதான் துருப்பிடிக்கின்றன. சத்தத்துக்கும் உரசலுக்கும் பட்டறைகளில் கிடைக்கும் பனியன் வேஸ்ட்டை லேசாக எண்ணெயில் தோய்த்து இடையில் செருகினால் இரண்டும் தீரும், வேலை முடிந்ததும் கை துடைக்கவும் ஆகும்.

தீயணைப்பான் டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில், இரும்பு பிராக்கெட்டில், போல்ட்டு போட்டு இருக்க வேண்டும். ஒட்டும் டேப்பில் மாட்டியது முதல் பள்ளத்தில் பெடலுக்கு அடியில் கிடக்கும். ஏபிசி பவுடர் வகையில் அதிர்வால் பவுடர் அடியில் இறுகும். மாதம் ஒருமுறை தலைகீழாகத் திருப்பிக் குலுக்குங்கள்.

மரக்கிளை வெட்ட அரிவாள் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் பக்கம் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 31-ஆம் பிரிவுப்படி, சரணாலயத்துக்குள் முன் அனுமதி எழுத்தில் இல்லாமல் ஆயுதத்துடன் நுழையக் கூடாது. அந்தச் சட்டத்தில் ஆயுதம் என்பதில் கத்தியும் அடங்கும். முதுமலை வழியாகப் போகும் நாளில் அதை வீட்டில் வைத்துவிடுங்கள். விழுந்த கிளையை இழுத்து ஒதுக்கக் கயிறு போதும்.