நாலு வருஷ டோசிங்: 99% என்று எழுதியிருந்த பையும் கடைச் சமையல் சோடாவும்

சிங்கப்பூரில், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹாலில் 270 லிட்டர் கடல் தொட்டி. பெரும்பாலும் அக்ரோபோரா, மான்டிபோரா என்ற கல் பவளங்கள். இவை எலும்புக்கூடு கட்ட, நாளுக்கு ஏறக்குறைய 1 டிகேஎச் (ஆல்கலினிட்டியை அளக்கும் அலகு) ஆல்கலினிட்டியை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட் சத்தைத் தின்றுவிடும், கூடவே கால்சியத்தையும், அதை ஈடுகட்ட தினமும் 8 கிராம் சமையல் சோடாவும் 7 கிராம் கால்சியம் குளோரைடும் போகிறது. இதைத்தான் டோசிங் என்கிறோம்.

முதல் வருஷம் பாட்டிலில் வரும் பிராண்டு திரவங்கள்தான். தரத்தில் ஒரு குறையும் இல்லை, ஆனால் காசில் பாதி தண்ணீருக்குப் போகிறதே என்று உறுத்தியது. அப்புறம் பொடிக்கு மாறினேன். மலிவுப் பொடி தொட்டிக்குப் போதுமான சுத்தமா என்பதுதான் கேள்வி.

சமையல் சோடா சூப்பர்மார்க்கெட்டில் வாங்குவது (பேக்கிங் பவுடர் இல்லை, அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும்). மூன்று வருஷமாக ஒரு புகாரும் கிடையாது.

கால்சியம் குளோரைடில் எனக்கு வந்த தொல்லை சுத்தம் சம்பந்தப்பட்டதே இல்லை, ஈரம். அலமாரியில் ஈரம் உறிஞ்ச வைக்கிறோமே, அந்த டப்பாவில் இருப்பதும் இதே உப்புதான். இந்த ஊர்க் காற்றில் பையைத் திறந்து வைத்தால் ரெண்டே வாரத்தில் கஞ்சி. எடை அதே 7 கிராம், ஆனால் அதில் பாதி தண்ணீர், தொட்டியில் கால்சியம் 420-லிருந்து 370 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இறங்கிவிட்டது, நான் டெஸ்ட் கிட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது வாங்கிய அன்றே மொத்தத்தையும் ஆர்ஓ (வடிகட்டிச் சுத்தம் செய்த) தண்ணீரில் கரைத்து வைத்துவிடுகிறேன். கரைக்கும்போது நன்றாகச் சூடாகும், மெல்லிய பாட்டிலில் செய்யாதீர்கள்.

உண்மையாக அடி வாங்கியது மெக்னீசியத்தில். 1200-லிருந்து 1300 பிபிஎம்முக்கு ஏற்ற மெக்னீசியம் குளோரைடு 225 கிராம் வேண்டும், அதாவது கால்சியம் பொடி ஒரு மாதத்தில் போகும் அளவு ஒரே சாயங்காலத்தில். மலிவாகக் கிடைத்த பை, 99% என்று போட்டிருந்தது. சரி, மீதி 1% என்ன? 225 கிராமில் 1% என்றால் இந்தத் தொட்டியில் 8 பிபிஎம் அளவுக்கு என்னவென்றே தெரியாத ஏதோ ஒன்று. மறுநாள் காலை நத்தைகள் எல்லாம் மணலில் கவிழ்ந்து கிடந்தன, அக்ரோபோரா ஒன்றில்கூட பாலிப் (பவளத்தின் குட்டி உயிர்) வெளியே இல்லை. தொட்டித் தண்ணீரை ஐசிபி என்ற ஆய்வகப் பரிசோதனைக்கு அனுப்பினேன், அறிக்கை சுத்தமாக வந்தது. செம்பு இல்லை, ஈயம் இல்லை. குழம்பிப்போனேன். ஐசிபி தனிமங்களைத்தான் அளக்கும், அமோனியா அதன் கண்ணில் படாது என்று பிறகுதான் உறைத்தது. ரெண்டு வாளியில் ஒரே உப்புநீரைக் கலந்து, ஒன்றில் மட்டும் அந்தப் பொடியை அதே விகிதத்தில் போட்டு அமோனியா கிட் வைத்துப் பார்த்தேன். வெறும் வாளி மஞ்சளாகவே இருந்தது, மற்றது பச்சை, அதாவது அமோனியா. ஐந்து வெள்ளி கிட். இதை முதலிலேயே செய்திருக்கலாம். விற்றவரிடம் கேட்டதற்கு, இது தொழிற்சாலைக்கான சரக்கு, மீனுக்கு என்று நாங்கள் எங்கே சொன்னோம் என்றார். அதுவும் நியாயம்தான்.

மெக்னீசியத்துக்கு மட்டும் மறுபடி பிராண்டு பாட்டில், வருஷத்துக்கு ரெண்டு மூன்று முறைதான் தேவைப்படுகிறது. இன்னொன்று, பொடி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், சோடாவும் கால்சியம் குளோரைடும் போடும் இந்த முறையில் சோடியம் குளோரைடு சேர்ந்துகொண்டே போகும், என் தொட்டியில் மாதத்துக்கு அரை பிபிடிக்கு (ஆயிரத்தில் அரைப் பங்கு) மேல் உப்பு ஏறுகிறது. தண்ணீர் மாற்றும்போது சரிசெய்துகொள்கிறேன்.

போன வருஷத்திலிருந்து ராத்திரியில் கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிநீரும் சொட்டுகிறேன், இதுவும் கால்சியமும் ஆல்கலினிட்டியும் தரும். மீனுக்கு எதுக்குடா சுண்ணாம்பு, வெற்றிலையும் போடுமா என்று அம்மா கேட்டார். மேலே நிற்கும் தெளிவு மட்டும்தான் தொட்டிக்குப் போகும், பொடியில் உள்ள உலோக அழுக்கில் பெரும்பங்கு அடியில் வண்டலோடு தங்கிவிடுகிறது, அதைக் கிளறாமல் கொட்டிவிடுவேன்.